கேதார்காந்தாவுக்கு முதல் முறை போகிறவர்கள் பை கட்டுவது எப்படி

கேட்கப்பட்டது இதுதான்: டிசம்பர் கடைசி வாரத்தில் அக்காவும் தங்கையும் இமயமலையில் இருக்கும் கேதார்காந்தா சிகரம் ஏறப் போகிறார்கள். இருவரும் சென்னை. ஊட்டிக் குளிருக்கு மேல் எதையும் பார்த்ததில்லை. கூட்டிப் போகும் நிறுவனம் கூடாரம், ஸ்லீப்பிங் பேக், சாப்பாடு தருகிறது. மற்றதெல்லாம் அவரவர் பொறுப்பு. கடையில் 70 லிட்டர் பை, மைனஸ் 20 டிகிரிக்கான ஜாக்கெட், ஆளுக்கு மூன்று செட் தெர்மல் (உடம்பை ஒட்டிப் போடும் குளிர் உள்ளுடை) என்று நீளமாக ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது, எல்லாவற்றையும் பையில் எப்படி அடுக்குவது?

அந்தப் பட்டியலை இப்போதைக்கு மடித்து ஓரமாக வையுங்கள். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. "ரொம்பக் குளிருமா?" என்று கேட்டால் அவர் கனமானதைத்தான் எடுத்துக் காட்டுவார். நம் பக்கத்து ஆட்கள் பனிமலைக்குப் பை கட்டும்போது குளிரை மட்டுமே மனதில் வைத்துக் கட்டுகிறோம். ஆனால் அங்கே ஆளைப் படுத்துவது பெரும்பாலும் ஈரம்தான். ஏறும்போது ஊறும் வியர்வை, ஷூவுக்குள் புகும் பனி, கையுறையில் உருகும் பனி, இரவில் கூடாரத்தின் உள்பக்கம் படிந்து சொட்டும் நீர் என்று அது பல வழியில் வரும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். காய்ந்த உடம்போடு இருப்பவருக்கு மைனஸ் 5 டிகிரி சமாளிக்கக்கூடிய குளிர். நனைந்த பனியனோடு நிற்பவருக்கு 5 டிகிரியே ஆபத்து. பையில் போகும் ஒவ்வொரு பொருளையும் "இது என்னைக் காய்ந்தபடி வைக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். பட்டியலில் பாதி தானாகக் கழன்றுவிடும்.

போகும் இடத்தைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். உத்தராகண்டில் உத்தரகாசி மாவட்டம், கோவிந்த் வனவிலங்குப் பகுதி. டேராடூனிலிருந்து 190, 200 கிலோமீட்டர் மலைப்பாதையில் நாள் முழுக்க வண்டியில் போனால் சாங்கிரி கிராமம் வரும், சுமார் 1,950 மீட்டர் உயரம். அங்கிருந்து பைன், ஓக் மரங்களுக்கு நடுவே ஏறினால் ஜூடா கா தாலாப் என்ற சின்ன ஏரி, ஏறக்குறைய 2,800 மீட்டர். அதற்கு மேலே 3,400 மீட்டரில் அடிவார முகாம். கடைசி நாள் விடியும் முன்பே கிளம்பி 3,800 மீட்டர் உச்சிக்கு. வானம் தெளிவாக இருந்தால் ஸ்வர்காரோஹிணி, பந்தர்பூஞ்ச் சிகரங்கள் தெரியும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஆக சாங்கிரியில் இருக்கும் குளிரைவிட உச்சியில் 12 டிகிரி அதிகம், காற்று தனி. அடிவார முகாமில் டிசம்பர் இரவுகள் மைனஸ் 10 வரை போவது சாதாரணம். ஆனால் அதே இடத்தில் பகலில் வெயில் அடிக்கும்போது ஏறுகிறவர்கள் ஒற்றைச் சட்டையோடு வியர்த்துக்கொண்டு போவார்கள். ஒரே நாளில் இந்த இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். ஒரு கனத்த ஜாக்கெட்டால் அது முடியாது.

ஷூவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பணத்தைக் கொட்ட வேண்டிய ஒரே இடம் அதுதான். சாங்கிரியில் ஜாக்கெட், கெய்ட்டர் (ஷூவுக்குள் பனி புகாமல் கணுக்காலைச் சுற்றிக் கட்டும் உறை), கைத்தடி, ஷூ எல்லாமே வாடகைக்குக் கிடைக்கும். ஷூவைத் தவிர மற்றவற்றை எடுங்கள். அடுத்தவர் கால் பழக்கிய ஷூ உங்கள் குதிகாலை எங்கே உரசும் என்பது இரண்டாம் நாள்தான் தெரியும். அப்போது மாற்ற வழியில்லை.

கணுக்கால் வரை ஏறிய, நீர் புகாத, அடியில் ஆழமான பற்கள் உள்ள ஷூ வேண்டும். அதே சமயம் இரும்பு மாதிரி கனப்பதை வாங்காதீர்கள். காலில் கூடும் ஒரு கிலோ, முதுகில் கூடும் ஐந்தாறு கிலோவுக்குச் சமமான உழைப்பை வாங்கும் என்று ராணுவங்களுக்காகச் செய்த ஆய்வுகளிலேயே வந்திருக்கிறது. டெகாத்லான் கடைகளில் அவர்களுடைய கெச்சுவா வகையில் பனிக்கென்று ஒன்றும் பொதுவான மலைநடைக்கென்று ஒன்றும் தனித்தனியாக வைத்திருப்பார்கள். பனிக்கானது உள்ளே பஞ்சு வைத்தது. இந்த ஒரு பயணத்துக்கு அது சுகம்; ஆனால் பிறகு நம்மூர் மலைகளில் போட்டால் கால் வெந்துபோகும். மறுபடியும் மலைக்குப் போவோம் என்று தோன்றினால் நீர் புகாத பொது வகையை வாங்கி, நல்ல கம்பளிச் சாக்ஸோடு போடுங்கள். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நடந்து கால் சற்று வீங்கியிருக்கும். மலையிலும் அப்படித்தான் இருக்கும். மலையில் போடப்போகும் சாக்ஸையே கையோடு எடுத்துப் போய்ப் போட்டுப் பாருங்கள். கயிறு கட்டாமல் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். கயிறு கட்டியபின் குதிகால் தூக்கக் கூடாது. கடையில் சாய்வுப் பலகை இருந்தால் இறங்கிப் பாருங்கள், இல்லாவிட்டால் படியில் இறங்குங்கள். கட்டைவிரல் முன்னால் போய் இடித்தால் அந்த அளவு வேண்டாம், எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி. இறக்கத்தில் மணிக்கணக்காக இடித்தால் நகம் கறுத்துவிடும். வாங்கியபின் அலுவலகம், காய்கறிக் கடை, கோயில் வாசல் வரை எல்லா இடத்துக்கும் அதையே போட்டுக்கொண்டு போங்கள். புது ஷூவோடு மலையேறக் கூடாது. கிளம்பும் முன் கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

சாக்ஸில் ஒரு பொதுவான தப்பு நடக்கிறது. குளிருக்கு இரண்டு ஜோடியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுகிறார்கள். ஷூ இறுகி ரத்த ஓட்டம் குறையும், விரல் இன்னும் சில்லிடும். கம்பளி கலந்த நடை சாக்ஸ் இரண்டு ஜோடி, தூங்க மட்டும் தடித்த கம்பளி ஒரு ஜோடி, இது போதும். தூக்கத்துக்கு வைத்ததை எக்காரணம் கொண்டும் நடக்கப் போடாதீர்கள்.

முகாமில் முதல் விடியற்காலையில் பலரைத் திணறவைப்பது ஷூதான். முந்தின நாள் வியர்வையும் உருகிய பனியும் ஷூவில் ஊறியிருக்கும். இரவில் அப்படியே உறைந்துவிடும். அதிகாலை மூன்று மணிக்கு ஹெட்லேம்ப், அதாவது நெற்றியில் மாட்டும் விளக்கு, வெளிச்சத்தில் எடுத்தால் ஷூ மரக்கட்டைபோல் இருக்கும், கயிறு கம்பிபோல் நிற்கும், கால் நுழையாது, விரல் மரத்துப்போய் முடிச்சும் அவிழாது. ஷூவை வாசலில் விடாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கூடாரத்துக்குள் தலைமாட்டில் வையுங்கள். படுக்கும் முன்பே கயிற்றை நன்றாகத் தளர்த்தி, ஷூவின் நாக்கை வெளியே இழுத்து, வாயை அகலத் திறந்து வையுங்கள். அப்படி உறைந்தாலும் கால் நுழையும்.

இனி உடை. மலையேறுகிறவர்கள் அடுக்கு அடுக்காகப் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அடுக்குகளின் எண்ணிக்கையை விட, எதை எப்போது போடுவது, எப்போது கழற்றுவது என்பதுதான் முக்கியம்.

உடம்பை ஒட்டிய அடுக்கு வியர்வையை வெளியே கடத்த வேண்டும். பாலியஸ்டரோ மெரினோ கம்பளியோ இதைச் செய்யும். பருத்தி செய்யாது. நம் வெயிலுக்குப் பருத்தி தெய்வம், மறுக்கவில்லை. மலையில் அது வியர்வையைக் குடித்துவிட்டுச் சாயங்காலம் வரை உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். பனியன், உள்ளாடை, ஜீன்ஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இங்கே ஒரு எச்சரிக்கை: தி.நகரில் தெர்மல் என்று விற்பதில் பாதி, கட்டம் கட்டமாக நெய்த பருத்திக் கலப்பு. பெட்டியில் பனிமலைப் படம் போட்டிருப்பார்கள், அதை நம்பாதீர்கள். கழுத்துப் பட்டைக்குள் இருக்கும் துணி விவரச் சீட்டைப் படியுங்கள். சந்தேகமாக இருந்தால் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். அந்தத் தெர்மலின் ஒரு கையையும் விளையாட்டு டீ-ஷர்ட்டின் ஒரு கையையும் நனைத்து, பிழிந்து, மின்விசிறிக்குக் கீழே தொங்கவிடுங்கள். எது முதலில் காய்கிறதோ அதை எடுத்துப் போங்கள். மேலுக்கு இரண்டு, கீழுக்கு ஒன்று அல்லது இரண்டு போதும், மூன்று செட் வேண்டாம். ஒன்று நடக்க, ஒன்று தூங்க.

அதற்கு மேல் ஒரு மெல்லிய ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை), கொஞ்சம் தடித்தது இன்னொன்று. வீட்டில் ஸ்வெட்டர் இருந்தால் தடித்ததற்குப் பதில் அதையே எடுத்துக்கொள்ளலாம், கம்பளியாக இருக்கும்பட்சத்தில். எல்லாவற்றுக்கும் வெளியே காற்றும் நீரும் புகாத மெல்லிய ஜாக்கெட், அதாவது ஷெல். கழுத்துவரை ஜிப், தலைமூடி, அக்குளில் திறக்கும் ஜிப் இருந்தால் நல்லது. தலைவழியே போர்த்தும் மழை அங்கியான பான்சோ பனிக்காற்றில் பட்டம்போல் பறக்கும். குளிர்கால நடைக்கு அது வேண்டாம்.

கடைசியாகத்தான் கடைப் பட்டியலில் இருந்த அந்தக் கனத்த பஞ்சு ஜாக்கெட் வருகிறது. இதை வாடகைக்கு எடுங்கள். வாங்கினால் சென்னையில் எங்கே போடுவீர்கள்? சாங்கிரியில் எடுக்கும்போது ஜிப்பை மூன்று முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். மணிக்கட்டு எலாஸ்டிக் தொங்கியிருந்தால் வேண்டாம். கையால் அமுக்கிவிட்டால் பொங்கி எழ வேண்டும். கட்டி கட்டியாக இருந்தால் உள்ளே பஞ்சு ஒதுங்கிவிட்டது என்று அர்த்தம். வாத்து இறகு வைத்தது எடைக்கு எடை அதிகச் சூடு தரும், ஆனால் நனைந்தால் துவண்டு பயனற்றுப் போகும். செயற்கைப் பஞ்சு கனம், நனைந்தாலும் கொஞ்சம் தாங்கும். முதல் முறை போகிறவர்களுக்கு நான் செயற்கையையே சொல்வேன். ஈரத்தை எப்படித் தவிர்ப்பது என்பது ஒரு பயணம் போய்வந்த பிறகுதான் கை வரும்.

இந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள், இது நிற்பதற்கு. முகாமிலிருந்து கிளம்பும்போது "ஐயோ குளிருதே" என்று போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். கால் மணி நேரத்தில் முதுகில் ஆறு ஓடும், ஆனால் பையை இறக்கிக் கழற்றச் சோம்பல். அரை மணி கழித்து வழிகாட்டி ஓய்வுக்கு நிறுத்துவார். உடம்பு உழைப்பதை நிறுத்திய அடுத்த சில நிமிடங்களில் நனைந்த தெர்மல் ஐஸாக மாறும், பல் தந்தியடிக்கும். முறை இதற்கு நேர் எதிர். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். தெர்மலும் மெல்லிய ஃப்ளீஸும் போதும், காற்று அடித்தால் மேலே ஷெல். நின்றவுடன், வியர்வை ஆறும் முன்பே, பையின் மேல்பக்கத்திலிருந்து பஞ்சு ஜாக்கெட்டை உருவிப் போட்டுக்கொள்ளுங்கள். நடக்கத் தொடங்கும்போது கழற்றி உள்ளே திணியுங்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இதைச் செய்ய வேண்டியிருக்கும். "எத்தனை தரம்டி கழற்றிப் போடுவ?" என்று தங்கையைக் கேலி செய்யாமல் நீங்களும் செய்யுங்கள்.

உச்சி ஏறும் அதிகாலை மட்டும் விதிவிலக்கு. காற்றோடு மைனஸ் பத்துக்குக் கீழே, நடையும் ஆமை வேகம். அப்போது எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு நடப்பது தப்பில்லை.

காலுக்குச் சீக்கிரம் காயும் டிராக் பேன்ட் இரண்டு. உட்கார்ந்து சறுக்கப் போகிறீர்கள், எல்லோரும் சறுக்குவார்கள், அதற்காகவே நீர் புகாத மேல்பேன்ட் ஒன்று. கைக்கு இரண்டு அடுக்கு: உள்ளே மெல்லிய ஃப்ளீஸ் கையுறை, வெளியே நீர் புகாதது. படம் எடுக்க வெளியேயுள்ளதை மட்டும் கழற்றினால் போதும், விரல் வெறுமனே குளிரில் நிற்காது. தலைக்குக் கம்பளித் தொப்பி, கழுத்துக்கு பஃப், அதாவது குழாய்போல் தைத்த துணி. ரயிலில் தாத்தாக்கள் போடும் குரங்குக் குல்லாவைச் சிரிக்காமல் எடுத்து வையுங்கள். காது, கன்னம், தாடை, கழுத்து எல்லாவற்றையும் ஒரே துணியில் மூடும் வேறு பொருள் அந்த விலைக்குக் கிடையாது.

ஸ்லீப்பிங் பேக் நிறுவனம் தருவதுதான், ஆனால் ஒன்று கேட்டு வையுங்கள். அதன்மேல் எழுதியிருக்கும் எண் எதைக் குறிக்கிறது? சௌகரியமாகத் தூங்கும் வெப்பநிலை ஒன்று, சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லை ஒன்று, உயிர் பிழைத்தால் போதும் என்கிற அளவு ஒன்று என்று மூன்று இருக்கும். விற்பவர்கள் கவர்ச்சியாக மூன்றாவதைச் சொல்வார்கள். நீங்கள் முதலாவதைக் கேளுங்கள். கூடவே ஒரு லைனர், அதாவது உள்ளே போடும் மெல்லிய உறை, சொந்தமாக எடுத்துப் போங்கள். சுத்தத்துக்கும் ஆச்சு, கொஞ்சம் சூட்டுக்கும் ஆச்சு. இரவு சமையல் கூடாரத்தில் வெந்நீர் வாங்கி, மூடி கசியாத பாட்டிலில் ஊற்றி, சாக்ஸுக்குள் நுழைத்துக் கால்மாட்டில் போட்டுக்கொண்டால் தூக்கம் வரும். காலையில் அதுவே குடிநீர்.

பையை எல்லாம் வாங்கிய பிறகு வாங்குங்கள். முதலில் பை வாங்கினால் அதை நிரப்பத்தான் கை போகும். 70 லிட்டர் பையை யாரும் பாதியாகக் கொண்டுபோனதில்லை. கூடாரமும் சமையலும் நிறுவனத்தின் பொறுப்பு என்றால் 50 லிட்டர் தாராளம். பெரிய பையைக் கோவேறு கழுதையில் ஏற்றிவிடுவதாக இருந்தால், உங்கள் முதுகுக்கு 20, 25 லிட்டர் சின்னப் பை தனியாக வேண்டும். நீரும் ஷெல்லும் பஞ்சு ஜாக்கெட்டும் எப்போதும் உங்களோடுதான் இருக்க வேண்டும். கழுதை உங்களுக்கு முன்னால் போய்விடும்.

லிட்டரைவிட முதுகு அளவுதான் முக்கியம். தலையைக் குனிந்தால் பிடரியில் புடைக்கும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தால் கட்டைவிரல்கள் நடுவில் சந்திக்கும் இடம் வரை அளக்க வேண்டும். அக்காவும் தங்கையும் ஒரே உயரமாக இருந்தாலும் இந்த அளவு வேறாக இருக்கலாம், ஆகையால் ஆளுக்கு ஆள் போட்டுப் பாருங்கள். பெண்களுக்கென்று வடிவமைத்த பைகளில் தோள்வார் நெருக்கமாகவும் இடுப்புப்பட்டை சாய்வாகவும் இருக்கும். அது விளம்பரத்துக்குச் சொல்வதல்ல, வித்தியாசம் தெரியும். கடையில் வெறும் பையைப் போட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை. எட்டு கிலோ எடையைப் போடச் சொல்லிக் கால் மணி நேரம் உலாவுங்கள். முறைத்தால் முறைக்கட்டும்.

மாட்டும் முறையும் உண்டு. முதலில் எல்லா வாரையும் தளர்த்துங்கள். பையை மாட்டி, இடுப்புப்பட்டையை இடுப்பெலும்பின் மேலே உட்காரவைத்து இறுக்குங்கள். தொப்பையின் மேலல்ல, எலும்பின் மேல். அப்புறம் தோள்வார், அளவாக. அதன்பின் தோளுக்கு மேலே பையோடு இணைக்கும் சின்ன வார், கடைசியில் மார்புப்பட்டை. சரியாக மாட்டினால் எடையின் பெரும்பகுதி இடுப்பில் இறங்கிவிடும்; தோளுக்கும் வாருக்கும் நடுவே விரல் நுழையும். நடந்து ஒரு மணி நேரத்தில் தோள் வலித்தால் பை கனம் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் இடுப்புப்பட்டை கீழே நழுவியிருக்கும்.

எடைக்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பார்கள். 55 கிலோ ஆளுக்கு அது 11. முதல் முறை என்பதால் நீரோடு சேர்த்து 9 கிலோவில் நிற்கப் பாருங்கள். வீட்டு எடைக்கருவியில் பையோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை ஏறி நின்றால் கணக்கு வந்துவிடும்.

அடுக்குவது இப்படி. பைக்குள் முதலில் ஒரு பெரிய தடித்த பிளாஸ்டிக் உறையை விரியுங்கள், குப்பைக்கு வாங்குவதில் கனமான ரகம் போதும். ரெயின் கவர் மேலேதான் மூடும். பையைப் பனியில் சாய்த்துவைத்தால் முதுகுப்பக்கமாக ஈரம் ஏறும். அடியில் இரவு உடையும் லைனரும், அன்று இரவுவரை தேவைப்படாதவை. அவற்றைத் தனியாக இன்னொரு உறையில் கட்டுங்கள். இந்தக் கட்டு நனைந்தால் அன்றைய இரவு போச்சு. கனமானவை, அதாவது தின்பண்டம், பவர் பேங்க், மருந்துப்பெட்டி, முதுகை ஒட்டி நடு உயரத்தில். கனம் வெளிப்பக்கம் போனால் பை உங்களைப் பின்னால் இழுக்கும், பனிச்சரிவில் அந்த இழுப்புப் போதும் விழுவதற்கு. கனத்தைச் சுற்றி ஃப்ளீஸ் மாதிரி மெத்தென்றவற்றைத் திணித்து ஆடாமல் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே பஞ்சு ஜாக்கெட்டும் ஷெல்லும். மேல்மூடியில் ஹெட்லேம்ப், கையுறை, சன்ஸ்கிரீன். வெளியே எதையும் தொங்கவிடாதீர்கள். தொங்கும் டம்ளரும் செருப்பும் அடுத்த மரக்கிளையில் மாட்டும்.

தண்ணீருக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் கொள்ளளவு வேண்டும், அதில் ஒன்று ஃபிளாஸ்க். குழாய் வைத்து உறிஞ்சும் நீர்ப்பை வேண்டாம், அதிகாலையில் குழாய் உறைந்துவிடும். சாதா பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். நீர் மேலிருந்துதான் உறையும், அதனால் மூடிப்பக்கம் திறந்திருக்கும்.

சின்னச் சாமான்களில் வெயில் கண்ணாடியை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். உயரம் கூடக்கூட புற ஊதாக்கதிர் கூடும், ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம். புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை கண்ணுக்கே திருப்பி அடிக்கும். கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நடந்தால் அன்றிரவு கண்ணில் மணல் அள்ளிப்போட்டதுபோல் எரியும். யூவி 400 என்று எழுதிய, பக்கவாட்டை மூடும் கண்ணாடி வாங்குங்கள். பவர் கண்ணாடி போடுபவர் என்றால் அதன்மேல் மாட்டும் வகை கிடைக்கிறது. சன்ஸ்கிரீனை மூக்கின் அடிப்பக்கத்திலும் தாடைக்குக் கீழும் தடவ வேண்டும், பனி கீழிருந்து அடிக்கும். லிப் பாம் உண்டா என்று பாருங்கள். ஹெட்லேம்ப் ஆளுக்கு ஒன்று. போன் டார்ச் அந்த வேலையைச் செய்யாது.

குளிரில் பேட்டரி சார்ஜ் வேகமாக இறங்கும். போனும் பவர் பேங்கும் ஹெட்லேம்ப்பும் இரவில் உங்களோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் தூங்கட்டும். பகலில் உள்பாக்கெட்.

மருந்தில் வழக்கமானவை, ஓஆர்எஸ், கொப்புளத்துக்கு ஒட்டும் டேப். குதிகாலில் சூடு தெரிந்த உடனே டேப் ஒட்ட வேண்டும், கொப்புளம் எழும்பியபின் அல்ல. உயரத்தில் காற்று குறைவதால் வரும் உயர நோய்க்கு டையமாக்ஸ் மாத்திரை பற்றி உங்கள் மருத்துவரிடம் முன்பே பேசுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். மாதவிலக்கு நாள் கணக்கில் வராவிட்டாலும் நாப்கின் எடுத்துவையுங்கள், உயரமும் அலைச்சலும் நாளை மாற்றிவிடும். பயன்படுத்தியதைப் போட இரட்டை ஜிப் கவர் வேண்டும். அதையும் ஈரத் துடைதாள்களையும் மலையில் விட்டுவரக் கூடாது, திரும்பக் கீழே கொண்டுவர வேண்டும்.

தின்பண்டமாகக் கடலைமிட்டாய், எள்ளுருண்டை, பேரீச்சை. சாக்லெட் பார் குளிரில் கல்லாகிவிடும். கடலைமிட்டாய் எப்போதும் கல்தான், அதனால் ஏமாற்றம் இல்லை.

கைத்தடி, கெய்ட்டர், ஷூவுக்கு அடியில் மாட்டும் மைக்ரோ ஸ்பைக்ஸ் மூன்றையும் நிறுவனம் தருகிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் சாங்கிரியில் வாடகை. வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்குக் கைத்தடியின் அருமை தெரியும். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்காமல் யாரும் ஏழு மலையைத் தொடங்குவதில்லை. இறக்கத்தில் முழங்காலைக் காப்பது அதுதான்.

வீட்டில் விட வேண்டியவை: ஜீன்ஸ், பெரிய துண்டு (சின்னதாக ஒன்று போதும்), ஷாம்பு, லேப்டாப், "ஒருவேளை தேவைப்பட்டால்" என்று எடுத்த மூன்றாவது ஸ்வெட்டர். மலையில் யாரும் குளிப்பதில்லை. போட்டோவுக்கென்று தினம் ஒரு சட்டை வேண்டாம், எப்படியும் எல்லாப் படத்திலும் அதே ஜாக்கெட்தான் தெரியும்.

பழகுவதற்கு, நீர் நிரப்பிய பாட்டில்களைப் பையில் அடுக்கிக்கொண்டு படியேறுங்கள். திருக்கழுக்குன்றத்தில் ஐந்நூறுக்கு மேல் படி இருக்கிறது. மேலே போய் நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்கினால் முழங்கால் தப்பும். 2018 குரங்கணித் தீக்குப் பிறகு தமிழ்நாட்டு மலையேற்றத்துக்கு விதிகள் இறுகிவிட்டன. வனத்துறை 2024இல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு பாதைகளில் ஒன்றில் ஒரு பகல் முழுக்க அதே ஷூ, அதே பையோடு நடந்துவிடுங்கள். எது உரசுகிறது என்று அங்கே தெரிந்துவிடும்.

விமானத்தில் போவதானால் ஒரு வார்த்தை. கைத்தடியும் மைக்ரோ ஸ்பைக்ஸும் சொந்தமாக இருந்தால் செக்-இன் பையில் போக வேண்டும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 20,000 எம்ஏஎச் வரை பிரச்சினை இல்லை. லைட்டர் எதிலும் கூடாது. ஷூவைச் செக்-இன்னில் போடாமல் காலில் மாட்டிக்கொண்டு ஏறுங்கள். பை ஒரு நாள் தாமதமாக வந்தால் மற்றதை வாடகைக்கு எடுத்துவிடலாம், பழகிய ஷூவை எடுக்க முடியாது. ஊருக்குத் திரும்பப் போடும் உடையைத் தனிப் பையில் கட்டிச் சாங்கிரி விடுதியிலேயே விட்டுவிடுங்கள். வாடகைக்கும் முன்பணத்துக்கும் ரொக்கத்தை டேராடூனிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் வரும் புரோலா ஊரைத் தாண்டினால் ஏடிஎம்மை நம்ப முடியாது.